மாணவர் செய்த கேமை ஊருக்குக் காட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கம்ப்யூட்டர் கேம் செய்கிற மாணவர் குழுக்களுக்கு அதைப் பொது இடத்தில் மேசை போட்டுக் காட்ட உதவுகிறேன் என்று தெரிந்ததும், ஒரே சந்தேகம் வேறு வேறு ஆட்களிடமிருந்து வட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டது. வொய்ஸ் மெசேஜில் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து வாசித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் சில முன்னால் சொன்னதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அக்கா, எங்கட கேம் இன்னும் முடியல்ல. முழுசா முடிச்ச பிறகு காட்டினா என்ன?

முடித்த பிறகு காட்டினால் கைதட்டல் கிடைக்கும், அவ்வளவுதான். சனம் தடுமாறுகிற இடத்தைப் பார்த்துத் திருத்துவதற்கு உங்களுக்கு இன்னும் நேரமும் மனமும் இருக்கிற காலத்தில்தான் காட்ட வேண்டும். ஒரு தொடக்கம், விளையாட ஓர் இடம், ஏதோவொரு முடிவு, இந்த மூன்றும் தடங்கலில்லாமல் ஓடினால் போதும். மெனு வடிவாக இல்லை, இரண்டாம் லெவலுக்கு இன்னும் மரம் நடவில்லை என்பதெல்லாம் தள்ளிப்போடக் காரணமாகாது.

கம்பஸ் வைவாவையும் (வாய்மொழிப் பரீட்சை) இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வைவாவில் எந்த அல்கோரிதம் என்று கேட்பார்கள். கல்லடிக் கடற்கரையில் "இதில என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விதான் கஷ்டம்.

எவ்வளவு நேரத்துக்கு விளையாடுற மாதிரி வெக்கணும்?

ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. ஒரு லப்டொப்பில் ஐந்து நிமிட டெமோ ஓடினால் மணித்தியாலத்துக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பேர், இருபது நிமிடம் என்றால் மூன்றே பேர். வரிசையில் நிற்கும் நான்காவது ஆள் பக்கத்து ஐஸ்கிறீம் கடைக்குப் போய்விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

டெமோவைத் தனி பில்டாகவே, அதாவது கேமின் தனிப் பதிப்பாகவே செய்யுங்கள். கதை முன்னுரையை வெட்டிவிட்டு, உங்கள் கேமில் எது விசேஷமோ அது முதல் நிமிடத்திலேயே வரும்படி வையுங்கள். ஒரு நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை என்றால் தானாகவே முதல் திரைக்குத் திரும்ப வேண்டும். இதைச் செய்யாத குழுக்களின் மேசையில் அடுத்து உட்காருகிறவர் யாரோ பாதியில் விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்கி, ஒன்றும் விளங்காமல் எழும்பிப் போகிறார்.

எங்க வெக்கிறது? கம்பஸுக்குள்ள வெச்சா சனம் வருமா?

கிழக்குப் பல்கலைக்கழக வந்தாறுமூலை வளாகத்துக்குள்ளோ தென்கிழக்குப் பல்கலைக்கழக ஒலுவில் வளாகத்துக்குள்ளோ வைத்தால் வருவது உங்கள் பட்ச்தான். அவர்களுக்குக் கேம் விளையாடத் தெரியும், உங்களையும் தெரியும், ஆகவே அவர்களிடமிருந்து படிக்க அதிகமில்லை. முதல் ஒத்திகைக்கு அது நல்லது. பிறகு டவுனுக்கு வாருங்கள். காந்திப் பூங்கா, கல்லடிக் கடற்கரை, பாடசாலை மண்டபம், நூலகம், கோயில் திருவிழாக் காலத்துக் கடைவீதி என்று சனம் வேறு வேலையாகக் கூடும் இடங்களில் ஒரு மூலை கேளுங்கள். "கேம் கண்காட்சி" என்று தனியே மண்டபம் எடுத்து ஆட்களை வரவழைப்பதைவிட இது எவ்வளவோ லேசு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாடசாலைகளையும் மறக்க வேண்டாம், அங்கே ஒரு லப்டொப்போடு போனால் கிடைக்கிற கவனம் டவுனில் கிடைக்காது.

கடற்கரை என்றால் ஒரு சங்கதி. நமக்குக் கடல் கிழக்கே. பின்னேரம் திரையை மேற்கே பார்த்து வைத்தால் வெயில் திரையில் விழும், கிழக்கே பார்த்து வைத்தால் விளையாடுகிறவரின் கண்ணில் விழும். வடக்கோ தெற்கோ பார்க்க வைத்து, மேற்குப் பக்கம் ஒரு தறப்பாள் கட்டுங்கள். மணலும் உப்புக் காற்றும் லப்டொப் விசிறிக்குள் போகும், அதனால் தரையில் வைக்கவே வேண்டாம்.

எந்த நாள் நல்லம்?

சனி, ஞாயிறு என்று எல்லாரும் நினைப்பார்கள், ஆனால் பிள்ளைகள் அன்றைக்குத்தான் காலையிலிருந்து ரியூசனில். பின்னேரம் நாலரைக்குப் பிறகு வையுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்றால் வெள்ளி ஜும்ஆ நேரத்தைத் தொடாதீர்கள், மஃரிப் தொழுகைக்கும் ஓர் இடைவேளை விடுங்கள். ஓ.எல்., ஏ.எல். பரீட்சை மாதங்களில் பெற்றோர் உங்களைத் திட்டுவார்கள். கார்த்திகை, மார்கழியில் வெளியே எதுவும் வேண்டாம், எந்த நேரமும் மழை கொட்டலாம். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் தகரக் கொட்டகைக்குள் லப்டொப் சூடேறிக் கேம் இழுக்கும்.

யாரிட்ட அனுமதி எடுக்கிறது?

இடம் யாருடையதோ அவரிடம். பூங்கா, கடற்கரை போன்ற பொது இடம் என்றால் அந்தப் பகுதி மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபைக்குக் கடிதம் கொடுங்கள். பாடசாலை என்றால் அதிபர் ஊடாகப் போங்கள். ஒலிபெருக்கி கட்டுவதாக இருந்தால் பொலிஸில் தனியாக அனுமதி எடுக்க வேண்டும், அதற்குப் பதில் ஹெட்போன் வைத்தால் அலைச்சல் மிச்சம். கடிதத்தை உங்கள் பெயரில் எழுதாமல் துறைத் தலைவரின் ஒப்பத்தோடு கொண்டுபோனால் கதவு சீக்கிரம் திறக்கும். கேமில் துப்பாக்கியோ இரத்தமோ இருந்தால் அதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள், அன்றைக்கு வந்து பார்த்துத் திடுக்கிடுவதைவிட அது நல்லது.

கரண்ட் போனா?

போகும் என்று நினைத்தே ஆயத்தமாகுங்கள். லப்டொப் பட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வீட்டில் வழுவழுவென்று ஓடிய கேம் அங்கே திக்கித் திக்கி ஓடும். ஆகவே சார்ஜரைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தேவையென்றால் பட்டரிக்கென்று தரத்தைக் குறைத்த ஒரு செட்டிங் வைத்திருங்கள். யூபிஎஸ் கடன் கிடைத்தால் நல்லது. விண்டோஸ் அப்டேட்டை முதல் நாளே முடித்துவிட்டு நிறுத்தி வையுங்கள். பில்டை இரண்டு பென் ட்ரைவில் இரண்டு பேர் வைத்திருக்க வேண்டும். டெமோ இன்டர்நெட் இல்லாமலே ஓட வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

சின்னப் பிள்ளைகள் கேமை மூடிட்டு லப்டொப்பை நோண்டுறாங்க. என்ன செய்றது?

கீபோர்ட் கையில் கிடைத்தால் நோண்டத்தான் செய்வார்கள். விண்டோஸில் டெமோவுக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்று திறந்து, அதில் உங்கள் கோப்புகளும் பாஸ்வேர்ட்களும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெமோ பில்டில் "வெளியேறு" பட்டனை எடுத்துவிடுங்கள். லப்டொப்பை மேசைக்குக் கீழே வைத்து மேலே மொனிட்டரையும் கொன்ட்ரோலரையும் மட்டும் வைத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது.

கொன்ட்ரோலர் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் கொன்ட்ரோலர் என்றால், போன்கள் நிறைந்த கூட்டத்துக்குள் அடிக்கடி விட்டுவிட்டு வேலை செய்யும், சார்ஜும் தீரும். ஆனால் ஒன்று, நம்மூரில் பெரியவர்கள் பலர் கொன்ட்ரோலரை முதன்முதலில் உங்கள் மேசையில்தான் தொடப் போகிறார்கள். இரண்டு தடியையும் ஒன்றாக ஆட்டச் சொல்லும் கேம் என்றால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். போனில் விரலால் ஓடும் ஒரு பில்டும் வைத்திருந்தால் அம்மாமார் கூட உட்காருவார்கள்.

ஆக்கள் விளையாடக்குள்ள பக்கத்தில நிண்டு விளங்கப்படுத்தணும்தானே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். நாளைக்கு உங்கள் கேமை வீட்டில் இறக்கி விளையாடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நீங்கள் நிற்கப் போவதில்லை. வந்தவர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது "ஸ்பேஸை அமத்துங்க அங்கிள்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்ன அந்த நொடியில் அந்த ஆளிடமிருந்து கிடைக்க வேண்டிய தகவல் போய்விட்டது. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். முதலில் எந்தப் பட்டனை அமத்துகிறார், திரையில் எந்த மூலையைப் பார்க்கிறார், நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய உதவிக் குறிப்பை வாசிக்காமலே தட்டி விடுகிறாரா, எங்கே சிரிக்கிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் மாட்டினால் அந்த இடம் பிழை. ஆட்கள் பிழையில்லை.

நம்மாட்கள் கூச்சக்காரர்கள், தெரியாமல் தடுமாறுவதைப் பிறர் பார்க்கிறார்கள் என்றால் வெட்கப்பட்டு எழும்பிவிடுவார்கள். ஆகவே உட்காரும் முன்பே ஒரு வசனம் சொல்லிவிடுங்கள்: "விளங்காட்டி அது எங்கட பிழை, உங்கட இல்ல. நாங்க அதைப் பார்க்கத்தான் நிக்கிறம்." அப்புறம் வாயை மூடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் உண்மையிலேயே மாட்டிக்கொண்டால் மட்டும் உதவுங்கள், எந்த இடத்தில் உதவினீர்கள் என்பதையும் குறியுங்கள். கொன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுப்பதில் தவறில்லை, கேமைக் காட்டிக் கொடுக்காதீர்கள்.

குழுவில் கேமை எழுதியவர்தான் அதிகம் வாய் திறப்பார். அவரை மேசையிலிருந்து தள்ளி, வரிசையைப் பார்க்க விடுங்கள்.

எல்லாரும் "நல்லா இருக்கு மகன்" எண்டுதான் சொல்றாங்க. உண்மையான கருத்தை எப்படி எடுக்கிறது?

முகத்துக்கு நேரே குறை சொல்வது நம்மூர் வழக்கமில்லை, நீங்கள் யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிட்டால் இன்னும் சொல்ல மாட்டார்கள். ஆகவே கருத்துக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "கதை என்னண்டு ஒருக்காச் சொல்லுங்க?" "எந்த இடத்தில என்ன செய்றதெண்டு தெரியல்ல?" இந்த இரண்டும் போதும். இருபது கேள்வி கொண்ட கூகுள் ஃபோம் நீட்டினால் எல்லாவற்றுக்கும் ஐந்தில் நான்கு போட்டுவிட்டுப் போவார்கள்.

கேமே ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளட்டும்: எந்த இடத்தில் செத்தார், எத்தனையாவது நிமிடத்தில் விட்டார். பெயர், போன் நம்பர் எதுவும் அதில் வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளின் தீர்ப்பு எல்லாவற்றையும்விடச் சுத்தம். பிடிக்கவில்லையென்றால் எழும்பிப் போவார்கள், பிடித்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவர்களைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடுவதற்கு முன் கூட வந்தவரிடம் கேளுங்கள்.

தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சு வருது. "கொ" எண்டு அடிச்சா கொம்பு வேற பக்கம் போகுது.

அதிகம் வரும் கேள்வி. யூனிகோடில் "கெ" என்பதில் க முதலிலும் கொம்பு பிறகும் சேமிக்கப்படுகிறது. அதைத் திரையில் முன்னுக்குக் கொண்டுவருவது, "கொ"வின் குறியைப் பிரித்து இரு பக்கமும் போடுவது, "மு", "கூ" போன்றவற்றுக்குத் தனி வடிவத்தை எடுப்பது எல்லாம் எழுத்தைக் கோக்கும் இன்னொரு மென்பொருளின் வேலை. உலாவியிலும் வேர்டிலும் அது இருக்கிறது. கேம் செய்யும் மென்பொருளான (எஞ்சின்) யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தானாக அதைச் செய்யாது, அதனால்தான் உடைகிறது. ஃபொன்டை மாற்றி மாற்றிப் பார்த்து இரவுகளை வீணாக்காதீர்கள், பிழை ஃபொன்டில் இல்லை. இன்னொரு எஞ்சினான கொடோவில் 2023இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் மென்பொருள் உள்ளேயே இருப்பதால் தமிழ் ஒழுங்காக வரும், 3இல் வராது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தமிழில் நிறைய வசனம் வைப்பதாக இருந்தால் இதை யோசித்தே எஞ்சினைத் தெரியுங்கள்.

ஏற்கெனவே யூனிட்டியில் பாதி தாண்டிவிட்டீர்களா? நம்மூர் அச்சகங்களில் பாமினியில் தட்டச்சு செய்வார்களே, அந்த வகைப் பழைய ஃபொன்ட்களில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே எழுத்துகள் சேமிக்கப்படுவதால் கோக்கும் வேலையே தேவைப்படாது. வசனத்தை யூனிகோடிலிருந்து அதற்கு மாற்றி உள்ளிட்டால் சரியாக வரும். வசனம் நாலைந்துதான் என்றால் படமாகவே வைத்துவிடலாம். எந்த ஃபொன்டானாலும் கேமோடு சேர்த்துக் கொடுக்க உரிமம் இடந்தருகிறதா என்று பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் வருகிறது. விண்டோஸில் இருக்கிற லதாவைத் தூக்கி உள்ளே போடக் கூடாது.

தமிழ் மட்டும் போதுமா?

மட்டக்களப்பு டவுனுக்குப் போதும். அம்பாறை டவுனில் வைத்தால் சிங்களம் வேண்டும், வெளிநாட்டுப் பயணிகள் வரும் அறுகம்பேயில் ஆங்கிலம். எல்லா இடத்துக்கும் பொருந்தும் வழி, டெமோவில் எழுத்தைக் குறைத்துப் படத்தாலும் அம்புக்குறியாலும் சொல்வது. எப்படியும் யாரும் வாசிக்கப் போவதில்லை.

பின்னணிக்கு ஒரு சினிமாப் பாட்டு போட்டா என்ன? விக்கவா போறம், சும்மா காட்டத்தானே?

விற்றாலும் சும்மா காட்டினாலும் அது மற்றவரின் பாட்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைப்புக்கான உரிமை பதிவு செய்யாமலே பிறக்கிறது, படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் இருக்கிறது. அன்றைக்கு யாரும் உங்களைப் பிடிக்காமல் விடலாம், ஆனால் அதே வீடியோவை யூடியூபில் ஏற்றிய உடனே பிடிபடும்.

இதைவிட நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது. வடமோடி, தென்மோடிக் கூத்தின் மத்தளமும் சல்லரியும் ஒலிக்கிற கேம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். கூத்துப் பாட்டு பழையதாக இருக்கலாம், ஆனால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் உங்கள் போனுக்கு முன்னால் பாடியதில் அவருக்கு உரிமை உண்டு. எழுத்தில் சம்மதம் வாங்கி, முடிவுத் திரையில் பெயர் போட்டு, முடிந்ததைக் கொடுங்கள்.

எங்கட கேம் சுனாமியைப் பத்தினது. பொதுவில வெக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எங்கே, யாருக்கு முன்னால் என்பதை மற்றக் குழுக்களைவிட நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 இங்கே வரலாற்றுப் பாடமில்லை. நாவலடி, கல்லடி, காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனை என்று எந்த இடத்தில் மேசை போட்டாலும் வரிசையில் நிற்பவர் யாரையாவது இழந்தவராக இருக்கலாம். உட்காரும் முன்பே கண்ணில் படும்படி "இது 2004 சுனாமி பற்றிய கேம்" என்று எழுதி வையுங்கள். திடீரென்று அலைச் சத்தம் கேட்கும் காட்சியை டெமோவில் வைக்காதீர்கள். எந்த நேரத்திலும் ஒரு பட்டனில் நிறுத்த வழி இருக்கட்டும். மேலே நான் கடற்கரையைச் சிபாரிசு செய்தேன், உங்களுக்கு அது பொருந்தாது, மண்டபத்துக்குள் வையுங்கள். பொதுவில் வைக்கும் முன் அதை அனுபவித்த ஒருவரோடு இருந்து முழுவதும் ஓட்டிக் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்கிற காட்சியை எடுத்துவிடுங்கள்.

யுத்தம் என்றால் இதோடு இன்னொன்று. எதிரியின் உடை, பெயர், பேச்சு இவற்றில் எந்தச் சமூகத்தையாவது அடையாளம் காண முடிகிறதா என்று மூன்று சமூகத்திலும் ஒவ்வொருவரிடம் காட்டிக் கேளுங்கள். "நாங்க அப்பிடி நினைக்கல்ல" என்பது மேசையில் வைத்துச் சொல்லும் பதிலல்ல.

ஸ்டீமிலயா, இட்ச்லயா, பிளே ஸ்டோரிலயா போடுறது?

முதலில் இட்ச் ஐஓ என்ற தளம். காசில்லை, அன்றைக்கே போடலாம், உலாவியிலேயே விளையாட வைக்கலாம், விற்றால் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டொலர் கட்ட வேண்டும், கேம் 1000 டொலர் உழைத்த பிறகுதான் அது திரும்பி வரும். கட்டியதிலிருந்து 30 நாள் காத்திருப்பு, "விரைவில் வருகிறது" பக்கம் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும் என்பதால் கண்காட்சிக்கு முதல் கிழமை ஓடிப்போய்ப் பயனில்லை. அந்தப் பக்கம் கண்காட்சிக்கு முன்பே தயாராக இருந்தால், டெமோவின் கடைசித் திரையில் கியூஆர் குறியீடு போட்டு விஷ்லிஸ்டில் (வாங்க விரும்பும் கேம்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லலாம்.

கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டொலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், கேமை வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இணைந்திருக்க வேண்டும். கண்காட்சியில் ரசித்து விளையாடியவர்களிடம் ஜிமெயில் முகவரி கேட்டு வாங்கினால் அந்தப் பன்னிரண்டு பேரும் அங்கேயே கிடைப்பார்கள்.

ஏபிகே ஃபைலை வட்ஸ்அப்பில அனுப்பினாச் சரிதானே?

ஏபிகே என்பது அன்ட்ரொயிட் போனில் நேரடியாக நிறுவும் ஃபைல், நண்பர்களுக்குச் சரி. தெரியாதவரின் போனில் எச்சரிக்கை வரும், பாதிப் பேர் பயந்து விட்டுவிடுவார்கள், அவர்கள் பயப்படுவதும் நியாயம். அளவையும் பாருங்கள், டேட்டா கார்ட் போட்டுப் பாவிக்கிறவர் பெரிய ஃபைலை இறக்க மாட்டார்.

நாங்க நாலு பேர் செய்தது, ஒராள் வெளிநாடு போயிட்டான். இப்ப கேம் ஆருக்குச் சொந்தம்? கம்பஸ் கேக்குமா?

சேர்ந்து செய்தால் சேர்ந்தே உரிமை, போனவருக்கும் உண்டு. அவர் வரைந்த படத்தை அவர் சம்மதமில்லாமல் விற்க முடியாது. யார் என்ன செய்தது, காசு வந்தால் எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதி நாலு பேரும் ஒப்பமிடுங்கள், சண்டை வருவதற்கு முன்னால். கம்பஸைப் பொறுத்தவரை மாணவர் அதன் ஊழியர் இல்லை, ஆனாலும் இறுதியாண்டு புரொஜெக்ட் என்றால் துறையின் விதிகளை வாசித்து மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

காசு என்று வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் முப்பரிமாண மென்பொருளில் மாணவர் உரிமத்தோடு செய்த மொடலை விற்கும் கேமில் போட முடியாது. அதே வேலைக்கான இலவச மென்பொருளான பிளெண்டருக்கும், கொடோவுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில "இதால வேலை கிடைக்குமா?" எண்டு கேக்கிறாங்க. என்ன சொல்றது?

நிச்சயமாகக் கிடைக்கும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் நடந்த ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவில் டிஜிபென் என்ற நிறுவனத்தின் மாணவர்கள் 2005இல் நார்பகியூலர் டிரொப் என்று ஒரு சின்ன கேம் செய்தார்கள். கல்லூரியில் அதைக் காட்டியபோது பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது, 2007இல் அவர்கள் செய்த போர்ட்டல் என்ற புகழ்பெற்ற கேம் அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததுதான். பார்க்க வந்தவர் பார்க்கும்படி ஒரு மேசையில் அது ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டாருக்கு இதைச் சொல்வதைவிட, அவர்களைக் கண்காட்சிக்குக் கூட்டிவந்து ஓரமாகக் கதிரை போட்டு இருத்துங்கள். அப்பாவுக்கே கொன்ட்ரோலரைக் கொடுக்க நினைத்தால், மேலே சொன்ன விதி அவருக்கும்தான், விளங்கப்படுத்தக் கூடாது.